எலும்புத் தூள், பற்பசை, ஊசி: ‘நானோ’ என்றால் எல்லாம் ஒன்றா?

தர்மபுரி மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 60. சத்துணவு மைய அமைப்பாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9. முன்பு வேர் சிகிச்சை செய்துகொண்ட கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று நெடுக்கில் பிளந்துவிட்டது. பல்லை எடுத்து, அந்தக் குழியில் ‘நானோ ஹைட்ராக்ஸிஅபடைட்’ என்ற எலும்புத் தூளை நிரப்பி, ஐந்து மாதம் கழித்து இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பொருத்தலாம் என்று பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சாதாரணத் தூளை விட நானோ தூளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதல். நானோ துகள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும் என்று மகள் பயப்படுகிறார். அதே பெயருள்ள பற்பசையை ஏழு வயதுப் பேரனுக்கு வாங்கியிருக்கிறார்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். இதற்கிடையில், 82 வயதுத் தாயாரின் எலும்பு மெலிவுக்கு ‘நானோ எலும்பு ஊசி’ மூன்று போட்டால் இடுப்பெலும்பு இளமைக்குத் திரும்பிவிடும், ஊசி ஒன்றுக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று ஒருவர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் ஒரே பொருள்தான் என்றால் எதை ஏற்பது, எதை விடுவது என்பதே அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் மூன்று. ஆனால் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை முதலில் நிறுத்தியது. எலும்பு மெலிவுக்காக இரண்டு ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒரு முறை, சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம் சொட்டு மருந்தாக ஏற்றிக்கொள்கிறீர்கள். ‘அதுவும் எலும்புக்கு நல்லதுதானே’ என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் சொல்லவில்லை. தூள் வைப்பதா வேண்டாமா என்பதை விட இது பெரிய செய்தி. எதற்காக என்று சொல்வதற்கு முன், இந்தத் தூள் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்; அது புரிந்தால் மற்ற மூன்று கேள்விகளும் பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

இது சுவர் அல்ல, சாரம்

ஹைட்ராக்ஸிஅபடைட் என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு கனிமம். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், பல்லின் மேலுறையான எனாமலின் எடையில் 96 விழுக்காடும் இந்த இனத்துக் கனிமம்தான். அதுவும் நானோ அளவில்தான் இருக்கிறது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர். எலும்பில் உள்ள கனிமப் படிகங்களோ சில பத்து நானோமீட்டர் நீளமும், இரண்டு முதல் ஐந்து நானோமீட்டர் கனமும் கொண்ட மெல்லிய தகடுகள். ஆகவே ‘நானோ’ என்ற சொல்லைக் கேட்டதும் உடலுக்கு அந்நியமான ஏதோ ஒன்று நுழைகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. அதே சமயம், உடலில் ஏற்கெனவே இருக்கும் பொருள் என்பதாலேயே அதை எந்த இடத்திலும் எந்த அளவிலும் வைக்கலாம் என்றும் ஆகிவிடாது. உங்கள் மகளின் பயத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

எலும்பின் இடைவெளியில் கால்சியம் பாஸ்பேட்டை வைத்துப் பார்க்கும் முயற்சி நூறு ஆண்டுப் பழமை உடையது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஃபிரெட் ஆல்பீ 1920-இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1980-களின் நடுவில், செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத் தண்டின் மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிப் பொருத்தத் தொடங்கினார்கள். எலும்பு அந்தப் பூச்சை ஒட்டி வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று எலும்புக் குழிகளை நிரப்பவும், இம்பிளான்ட் பூச்சாகவும், கண்ணை எடுத்த பின் விழிக்குழியில் வைக்கும் உருண்டையாகவும் இது பயன்படுகிறது. நம் நாட்டிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் இவ்வகை எலும்புப் பொருட்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் இந்தத் தூள் தானாக எலும்பாக மாறுவதில்லை. வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறார்கள் அல்லவா? சாரம் இருந்தால்தான் கொத்தனார் ஏறி நின்று வேலை செய்ய முடியும். ஆனால் சாரமே சுவராகிவிடாது. அதுபோல, தூள் குழியில் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்து எலும்பிலிருந்து ரத்த நாளங்களோடு வரும் எலும்பு செல்கள் அதன் மேல் ஏறி எலும்பைக் கட்டுகின்றன. பிறகு எலும்பைக் கரைக்கும் இன்னொரு வகை செல்கள் வந்து, பழைய எலும்பையும் தூளையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்க, அந்த இடத்தில் புது எலும்பு வருகிறது. கட்டுகிறவர், சாரத்தைப் பிரிக்கிறவர் இருவருமே உங்கள் உடலின் ஆட்கள். அவர்கள் வேலைக்கு வரக்கூடிய நிலையில் இருக்கிறார்களா என்பதுதான், எந்தத் தூள் என்பதை விட முதன்மையான கேள்வி.

சொல்லாமல் விட்ட சொட்டு மருந்து

இங்கேதான் நீங்கள் சொல்லாமல் விட்ட செய்தி வருகிறது. சோலெட்ரானிக் ஆசிட் செய்வது, சாரத்தைப் பிரிக்கும் அந்த ஆட்களை நிறுத்தி வைப்பது. அதனால்தான் எலும்பு மெலிவது குறைகிறது, முறிவு தடுக்கப்படுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த மருந்து எலும்பில் எதைப் பற்றிக்கொண்டு தங்குகிறது தெரியுமா? இதே ஹைட்ராக்ஸிஅபடைட்டைத்தான். கனிமத்தோடு அவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால், ஒரு முறை ஏற்றிய மருந்து பல ஆண்டுகள் எலும்பில் இருக்கும். ‘ஏற்றி எட்டு மாதம் ஆகிவிட்டது, இப்போது உடலில் இருக்காது’ என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல.

இவ்வகை மருந்து எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு, பல் எடுத்த பின் குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தபடி எட்டு வாரத்துக்கும் மேல் நின்றுவிடுகிறது. 2003-இல்தான் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. உடனே பயந்துவிடாதீர்கள். புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கு இதே மருந்தை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். இந்தச் சிக்கல் பெரும்பாலும் அவர்களிடம்தான். எலும்பு மெலிவுக்காக ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றிக்கொள்பவர்களிடம் இது மிக அரிது. பத்தாயிரம் பேரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் வருகிறது. ஆனால் கட்டுப்படாத சர்க்கரையும் ஈறில் சீழும் சேர்ந்தால் அந்த வாய்ப்பு கூடும். உங்களிடம் முதலாவது நிச்சயமாக இருக்கிறது. இரண்டாவதும் இருக்கலாம், பிளந்த பல்லின் பக்கத்தில் ஈறு அவ்வப்போது கொப்புளமாகி உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதிலிருந்து நீங்கள் இரண்டு தவறான முடிவுகளுக்கு வரக்கூடும்; இரண்டையும் இப்போதே தடுக்க விரும்புகிறேன். ஒன்று, ‘அப்படியென்றால் பல்லை எடுக்கவே வேண்டாம்’ என்பது. நெடுக்கில் பிளந்து சீழ் கட்டும் பல்லைத் தாடையில் வைத்திருப்பதும் அதே சிக்கலுக்கு வழிதான். அதை எடுத்தாக வேண்டும். மற்றொன்று, ‘அடுத்த சொட்டு மருந்தை நானே நிறுத்திவிடுகிறேன்’ என்பது. எலும்பு மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். இடுப்பெலும்பு முறிவு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. ஒரு தவணையைத் தள்ளிப்போடுவதால் தாடைக்குப் பெரிய பயன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. உங்களைப் பார்க்கும் இரு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசி, பல் எடுக்கும் நாளையும் அடுத்த சொட்டு மருந்தின் நாளையும் முடிவு செய்யட்டும்.

சர்க்கரையைப் பற்றி ஒரு சொல். மூன்று மாதச் சராசரி 8.9 என்றால், கட்டுகிற ஆட்களும் சோர்ந்திருக்கிறார்கள், கிருமியை எதிர்க்கிற ஆட்களும் சோர்ந்திருக்கிறார்கள். சீழ் இருக்கும் பல்லை எடுப்பதற்கு நான் காத்திருக்க மாட்டேன். ஆனால் இம்பிளான்ட் போன்ற, அவசரமில்லாத அறுவையை 8-க்கு மேல் இருக்கும் வரை செய்வதில்லை என்பது என் வழக்கம். 7-ஐ நெருங்கினால் மனநிறைவோடு செய்வேன். பல் எடுத்த பின் கிடைக்கும் அந்த ஐந்து மாதத்தை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தூள் வேண்டுமா, நானோ வேண்டுமா

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தூளே வேண்டுமா என்பதை முதலில் பார்ப்போம். பல்லை எடுத்த பின் தாடை எலும்பு அந்த இடத்தில் ஒடுங்குகிறது. ஓராண்டில் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறையலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. தூள் வைத்தால் இந்த ஒடுக்கத்தைக் குறைக்கலாம், முற்றிலும் தடுக்க முடியாது. இம்பிளான்ட் வைப்பது உறுதியென்றால் தூளுக்கு நியாயம் உண்டு. இம்பிளான்ட் வேண்டாம், கழற்றி மாட்டும் பல் போதும் என்றால், கடைவாய்ப் பகுதியில் பெரும்பாலும் தூளுக்குத் தேவையே இல்லை. ஓய்வூதியம் எவ்வளவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துச் சொல்கிறேன், ஒரு கடைவாய்ப் பல் இல்லாமல் நன்றாகச் சாப்பிட்டு நலமாக வாழ்பவர்கள் ஏராளம். பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் ‘பிரிட்ஜ்’, கழற்றும் பல், ஒன்றும் வைக்காமல் விடுவது என்று மூன்று மாற்று வழிகள் இருக்கின்றன. உங்களிடம் அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லித்தான் நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபப்பட மாட்டார்.

உங்களுக்கு மட்டும் உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. சாரத்தைப் பிரிக்கும் செல்களைச் சொட்டு மருந்து நிறுத்தி வைத்திருப்பதால், தூள் கரைந்து எலும்பாக மாறுவது மற்றவர்களை விட மெதுவாக நடக்கலாம். எலும்பு மெலிவுக்காக மருந்து எடுப்பவர்களுக்கு இம்பிளான்ட் கூடவே கூடாது என்ற விதி இல்லை. ஆனால் அபாயத்தை எழுத்தில் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே செய்ய வேண்டும். உங்கள் நிலையில் என் தங்கை இருந்தால், இப்போது பல்லை மட்டும் பக்குவமாக எடுத்து, குழி நன்றாக ஆறுகிறதா என்று பார்த்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு இம்பிளான்ட்டைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் சொல்வேன். அப்போது எலும்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்கும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை. உங்கள் பல் மருத்துவர் நேரில் பார்த்து வேறு முடிவுக்கு வந்தால், அவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். ஈறையும் எக்ஸ்ரேயையும் பார்த்தவர் அவர், கடிதத்தை மட்டும் பார்த்தவன் நான்.

அடுத்து, நானோ என்பதற்காக ஒன்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாமா? பல் குழிக்கு வைக்கும் பெரும்பாலான ‘நானோ’ தூள்களில், கையில் எடுக்கும் மணி ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை, ரவை போல இருக்கும். அந்த மணிக்குள் இருக்கும் படிகங்கள்தான் நானோ அளவு. படிகம் சிறிதானால் மேற்பரப்பு கூடும். ரத்தத்தில் உள்ள புரதங்கள் நன்றாகப் படியும். கரைவதும் சற்று விரைவாக இருக்கும். அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கிய பழைய வகைத் தூள் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடப்பதுண்டு. அந்த வகையில் இது முன்னேற்றம்தான். ஆனால் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் தெரியும் இந்த மேன்மை, மனிதத் தாடையில் வைத்த இம்பிளான்ட் நீண்ட காலம் நிலைப்பதில் பெரிய வேறுபாடாகத் தெரியவில்லை. கூடுதல் பணத்துக்கு ஏற்ற கூடுதல் பலன் உண்டு என்று உங்களுக்கு என்னால் உறுதி கூற முடியாது.

விலையை விட்டுவிட்டு, வேறு சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். தூள் செயற்கையானதா, மாட்டெலும்பிலிருந்து எடுத்ததா, வேறு விலங்கினுடையதா என்று கேட்பது உங்கள் உரிமை. மாட்டெலும்பைப் பதப்படுத்தி, புரதங்களை நீக்கிச் செய்த தூள் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. மருத்துவக் காரணத்துக்காக அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் நம்பிக்கை சார்ந்த காரணத்தால் வேண்டாம் என்று நினைப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இப்பொருட்கள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டவை. எனவே பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அந்த ஒட்டுச்சீட்டில் ஒன்றை உங்கள் சிகிச்சைக் குறிப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் ஏதேனும் சிக்கல் வந்தால், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தில் முறையிடுவதற்கு அந்த எண்தான் உதவும்.

மகளின் பயம்

உங்கள் மகள் பயப்படுவதை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நானோ துகள்களின் வடிவமும் அளவும் செல்களைப் பாதிக்கும் என்பது உண்மை. ஊசி போன்ற கூர்மையான ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்கள், உருண்டையானவற்றை விட செல்களில் அதிக அழற்சியை உண்டாக்குவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, பற்பசையில் வரும் நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் பாதுகாப்பானது என்று 2021-இல் சான்று தர மறுத்தது. கூடுதல் விவரங்கள் கிடைத்த பிறகு 2023-இல், ஊசி வடிவம் இல்லாத குறிப்பிட்ட வகைக்கு மட்டும், பற்பசையில் 10 விழுக்காடு வரை பாதுகாப்பானது என்று சொன்னது. மூச்சில் உள்ளே போகக்கூடிய தெளிப்பான்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.

பற்பசையை விழுங்கினால் துகள் வயிற்று அமிலத்தில் கரைந்து கால்சியமாகவும் பாஸ்பேட்டாகவும் பிரிந்துவிடுகிறது. ஒரு டம்ளர் பாலில் அதை விடப் பன்மடங்கு கால்சியம் இருக்கிறது. பல் குழியில் வைக்கும் தூளோ, ரத்தத்தோடும் உப்பு நீரோடும் குழைத்து, ரவை போன்ற மணிகளாக, மேலே சவ்வு வைத்துத் தையலிட்டு மூடப்படுகிறது. அதிலிருந்து பிரியும் நுண்துகள்களை அங்கேயே உள்ள செல்கள் விழுங்கிக் கரைத்துவிடுகின்றன. மூளைக்குப் போய்ப் படியும் என்று அஞ்சக் காரணம் எதையும் நான் காணவில்லை.

ஆனால் இந்தக் கனிமம் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் உடலிலேயே சான்றுகள் உண்டு. பல்லின் மேல் கெட்டியாகப் படிந்து, பல் மருத்துவர்களாகிய நாங்கள் சுரண்டி எடுக்கும் காரையில் ஹைட்ராக்ஸிஅபடைட் இருக்கிறது. தோள்பட்டைத் தசைநாரில் இதே இனப் படிகங்கள் படிந்தால், இரவில் தூங்கவிடாத வலி வருகிறது. வயதான பெண்களின் தோள்மூட்டை உருக்குலைக்கும் ‘மில்வாக்கி தோள்’ என்ற நோய் 1981-இல் விவரிக்கப்பட்டது; அந்த மூட்டு நீரில் காணப்படுபவையும் இதே இனப் படிகங்கள்தான். ரத்தக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு போல இறுகுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. எலும்புக் குழியில் சாரமாக நின்ற அதே பொருள் மூட்டிலும் நாளத்திலும் நோயாகிறது. உங்கள் தாயாரின் ஊசிக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனின் பற்பசை

பேரனின் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் இருப்பதால் ஃபுளூரைடு பேஸ்ட்டைத் தவிர்க்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தத் திட்டுகள், பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் விழுங்கிய நீரால் வருபவை. துலக்கித் துப்பும் பேஸ்ட்டால் முளைத்த பல்லில் புதிதாக வருவதில்லை. முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் சமைக்கவும் குடிக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவதை நிறுத்தி, குழாயில் வரும் ஒகேனக்கல் நீருக்கு மாறுவது.

சொத்தைத் தடுப்பதில் அதிக ஆண்டுகள், அதிகப் பேரிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது ஃபுளூரைடுதான். ஜப்பானில் ஹைட்ராக்ஸிஅபடைட் பற்பசை 1980 முதல் விற்பனையில் இருக்கிறது. சொத்தைத் தடுக்கும் பொருளாக 1993-இல் அங்கே ஏற்கப்பட்டது. போலந்தில் பெரியவர்களிடம் 18 மாதம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், இது ஃபுளூரைடு பேஸ்ட்டுக்குக் குறைந்ததாக இல்லை என்று தெரிந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பற்கூச்சத்துக்கு இது நன்றாகவே உதவுகிறது; பல்லின் உட்பகுதிக்குச் செல்லும் நுண்குழாய்களின் வாயைத் துகள்கள் அடைத்துவிடுகின்றன. துப்பத் தெரியாத சிறு குழந்தைக்கும், ஃபுளூரைடு மிகுந்த நீரைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கும் இது நியாயமான தேர்வு. உங்கள் பேரன் துப்பத் தெரிந்தவன் என்றால், பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட்டில் தவறில்லை. எதைத் தேர்ந்தாலும் இரவில் படுக்கும் முன் துலக்குவதை விட்டுவிடக் கூடாது.

ஓட்டை மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். சொத்தை வெண்புள்ளியாக இருக்கும் தொடக்க நிலையில், கரைந்துபோன கனிமத்தைப் பற்பசை திரும்பப் படியச் செய்யும். ஓட்டை விழுந்த பின் எந்தப் பேஸ்ட்டும் அதை மூடாது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், அங்கே சாரத்தில் ஏறுவதற்குக் கொத்தனார் கிடையாது. அவன் பல்லை இந்த மாதமே அடைத்துவிடுங்கள்.

தாயாருக்கு அந்த ஊசி வேண்டாம்

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. எலும்பு மெலிவுக்காக ரத்தத்திலோ மூட்டிலோ செலுத்தும் ‘நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் ஊசி’ எதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இல்லை. ரத்தத்தில் செலுத்திய துகள் இடுப்பெலும்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளாது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டிப் பிடித்துவிடும். மூட்டில் செலுத்தினால் என்ன நேரலாம் என்பதை மேலே சொன்னேன். எலும்பு மெலிவு கனிமம் பற்றாத நோய் மட்டும் அல்ல. கட்டுகிறவருக்கும் பிரிக்கிறவருக்கும் இடையே கணக்கு தவறிப்போன நோய். சாரத்துக் கழிகளைக் கொண்டுபோய்க் கொட்டுவதால் அந்தக் கணக்கு நேராகாது.

தம்பியிடம் பேசியவர் முழுப் பொய்யையும் தானே புனைந்திருக்க வேண்டியதில்லை. உண்மையின் துண்டுகளை ஒட்டியிருக்கலாம். ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்த பசையை, அறுவை அரங்கில், எலும்பில் உள்ள குறிப்பிட்ட வெற்றிடத்துக்குள் செலுத்தும் முறை உண்மையிலேயே உண்டு. நானோ துகளில் நோய்க்கொல்லி மருந்தையும் புற்றுநோய் மருந்தையும் ஏற்றி அனுப்பும் ஆராய்ச்சியும் நடக்கிறது; செல்லுக்குள் அமிலத்தன்மை உள்ள பைகளில் துகள் கரைந்து மருந்தை விடுவிக்கும் என்பது அதன் அடிப்படை. மரபணுவைச் செல்லுக்குள் செலுத்த ஆய்வகங்கள் 1973 முதல் கால்சியம் பாஸ்பேட்டைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஆய்வகக் குடுவையில் நடப்பது வேறு, 82 வயது அம்மாவின் உடலில் நடப்பது வேறு.

‘இது ஆராய்ச்சி சிகிச்சை’ என்று சொன்னால் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் பதிவு எண், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு யார் பொறுப்பு என்பது. புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் பங்கேற்பவரிடம் அந்த மருந்துக்கு விலை கேட்பதே முறையல்ல. ஊசி ஒன்றுக்கு இரண்டு லட்சம் என்பதே அது ஆய்வு அல்ல என்பதைக் காட்டிவிடுகிறது. முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ரசீதையும் செல்பேசிச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அவை வேண்டும்.

அந்தப் பணத்தில் சிறு பகுதி போதும், தாயாருக்கு உண்மையில் தேவையானதைச் செய்வதற்கு. எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு, சிறுநீரகப் பரிசோதனை ஆகியவற்றை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு நோய்ப் பிரிவில் கேளுங்கள். அவருக்கு ஏற்ற மருந்து மாத்திரையாகவும், நீங்கள் எடுப்பது போன்ற சொட்டு மருந்தாகவும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியாகவும் இருக்கிறது. அந்த ஆறு மாத ஊசியைத் தொடங்கினால் இடையில் நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் வரக்கூடும். எந்த மருந்தைத் தொடங்கும் முன்பும் அவர் வாயையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, இரவில் எரியும் சிறு விளக்கு, வழுக்காத செருப்பு, கண்புரை இருந்தால் அறுவை ஆகியவற்றையும் இந்த வாரமே பாருங்கள். அவர் வயதில் இடுப்பெலும்பு பெரும்பாலும் முறிவது வீட்டுக்குள் விழுவதால்தான்.

உங்கள் பல்லுக்கு வருகிறேன். நாளைக் காலை பல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். நேரில் போகும்போது ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, இதுவரை எத்தனை முறை, கடைசியாக ஏற்றிய தேதி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, எலும்பு மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பல் எடுத்த பின் ஈறு மூடிவிட்டதா என்று இரண்டாவது வாரத்திலும், பிறகு எட்டாவது வாரத்திலும் காட்டுங்கள். இடையில் குழியில் எலும்பு வெளியே தெரிந்தாலோ, கீழுதடு மரத்துப்போனாலோ, சீழ் வந்தாலோ எட்டு வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.